டிப்பர் ஓட்டுநருக்கும் எட்டு மணி நேரம்தான் – ஒரு சாலை சீசனில் நான் பட்டது

டிப்பர் லாரி ஓட்டுகிறவனுக்கும் வேலை நேரச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதே, அந்த வேலை கையை விட்டுப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் இடது மணிக்கட்டு உடைந்து, சம்பளத்தில் பாதி மாட்டிக்கொண்டு, கடன் வாங்கிக் குடும்பம் நடத்தும் நிலைமைக்கு வந்திருந்தேன். அலைந்து திரிந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி, யாராவது ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கக்கூடிய விஷயம். சொல்ல ஆள் இல்லை. சாலை வேலைக்கு வண்டி ஏறப் போகிற தம்பிகள் யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தமிழ்நாட்டில் சாலை வேலைக்கு ஒரு சீசன் உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் டிசம்பர் வரை மண் வேலையும் ஒழுங்காக ஓடாது, தார் வேலையும் ஓடாது. அதனால் தை பிறந்ததும் ஆரம்பித்து, புரட்டாசிக்குள் அடித்து முடிக்கப் பார்ப்பார்கள். முதலில் கிராவல் மண், அப்புறம் ஜி.எஸ்.பி. என்கிற அடித்தள ஜல்லிக் கலவை, அதன் மேல் தண்ணீர் சேர்த்த ஜல்லிக் கலவையான வெட்மிக்ஸ், கடைசியில் தார். மாதம் போகப் போக விரட்டல் கூடும். ஆவணியில் வானம் கறுத்தால் சைட்டில் இருக்கிற எல்லோருக்கும் பேய் பிடித்துவிடும். நான் சேர்ந்தது 2024 தை மாத ஆரம்பத்தில், நெடுஞ்சாலைத் துறையின் ஒரு சாலை அகலப்படுத்தும் பணியில். மேலே பெரிய ஒப்பந்ததாரர், அவருக்கு வண்டி சப்ளை செய்கிற சின்ன ஒப்பந்ததாரர் ஒருவர், அவருடைய பத்துச் சக்கர டிப்பரில் நான். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், நடைக்குத் தனியாக பேட்டா. கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. "சாப்பாட்டுக்கு பேட்டா இருக்கு. சம்பளத்துல பாதிய மாசாமாசம் வாங்கிக்க, மீதிய சீசன் முடிஞ்சதும் மொத்தமா தரேன். வீட்டுக்கு உருப்படியா ஒரு காசு போவும்ல?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊரில் கூரையை மாற்றிக் கட்டலாம் என்று வீட்டிலும் கணக்குப் போட்டோம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை இப்படிப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமையே கிடையாது. அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் வருட ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, ஒரு சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கையில் வந்துவிட வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டாவது வேலை நாளுக்குள் முழுக் கணக்கையும் தீர்க்க வேண்டும். 'சீசன் முடிந்ததும்' என்கிற பேச்சு நம்மைக் கட்டிப்போடுகிற கயிறு. பாதி சம்பளம் அவரிடம் இருக்கும்போது, ராத்திரி பதினோரு மணிக்கு "இன்னொரு லோடு போயிட்டு வந்துடு" என்றால் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குக் கல் உடைத்து ஜல்லியாக்குகிற கிரஷர் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் ஏற்கெனவே வண்டிகள் நிற்கும். எடை மேடையில் காலி வண்டி எடை போட்டு, உள்ளே போய் ஜல்லிக்குக் காத்திருந்து, லோடு ஏறி, மறுபடி எடை போட்டு, நடைச்சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். சைட்டுக்குப் போனால் கிரேடர் இன்னும் முந்தைய லோடைப் பரப்பிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு காத்திருப்பு. தார் வேலை ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம். தார்க் கலவை பிளாண்டிலிருந்து 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் வண்டியில் விழும். மேலே தார்ப்பாய் போட்டு மூடி, சூடு ஆறுவதற்குள், அதைச் சாலையில் பரப்புகிற பேவர் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறிப்போன கலவையை ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுக்க முடியாது, சைட் இன்ஜினியர் திருப்பி அனுப்பிவிடுவார், அந்தப் பழி நம் தலையில் விழும். போக்குவரத்து குறைவு என்று தார் போடுவதை ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பகலில் ஜல்லி, ராத்திரியில் தார், இரண்டுக்கும் ஒரே வண்டி, ஒரே டிரைவர்.

இதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுகிற நேரம் ஆறு, ஏழு மணி நேரம்தான் இருக்கும். மற்றதெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைத் தூக்கம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன் வண்டி நகர்ந்தால் நாமும் ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். கண் அசந்தால் பின்னால் இருக்கிறவன் ஹாரனை அழுத்துவான், இல்லையென்றால் நம் இடத்தில் நுழைந்துவிடுவான். கிரஷர் தூசியில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே வேகும், இறக்கினால் பல்லெல்லாம் மண். கிளீனர் பையனும் நானும் மாறி மாறி இறங்கி நின்றுகொள்வோம். பிற்பாடு கணக்கு கேட்டபோது அந்த ஒப்பந்ததாரர் சொன்ன முதல் வார்த்தையே, "நீ வண்டி ஓட்டுனது ஆறு மணி நேரம்தானே, மீதி நேரம் காத்து வாங்கிக்கிட்டுதானே உக்காந்திருந்த?" என்பதுதான்.

இதற்கு அப்போது நடைமுறையில் இருந்த சட்டத்தில் நேரான பதில் இருந்தது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. வேலை நேரம் என்பதற்கு அது சொல்கிற விளக்கம், தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கிற நேரம் என்பது. வண்டி ஓடுகிற நேரம், வண்டியைச் சார்ந்த மற்ற வேலைகள் எல்லாம் அதில் சேரும். இடையில் வண்டி நிற்கிற நேரத்தைக் கழிக்க வேண்டுமென்றால், அந்த நேரத்தில் ஓட்டுநர் தன் இஷ்டத்துக்கு இருக்கிற சுதந்திரம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். கிரஷர் வரிசையில் எனக்கு என்ன சுதந்திரம்? வண்டியை விட்டுவிட்டு மரத்தடியில் போய்ப் படுக்க முடியுமா? இந்த ஒரு விளக்கத்தை முன்பே படித்திருந்தால் அன்றைக்கே அவர் வாயை அடைத்திருப்பேன். இதே சட்டம் சொல்கிற மற்ற கணக்குகள் இவை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூரத் தடம், திருவிழாக் காலம் போன்றவற்றுக்கு அதிகாரியிடம் முன்அனுமதி வாங்கினால் பத்து மணி நேரம் வரை, வாரத்துக்கு 54. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு. ஏழு நாளில் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. சாலை வேலைக்கு மழை வரப்போகிறது என்பது இந்த எதையும் தள்ளிவைக்கிற காரணம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 91ஆவது பிரிவும் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு இதே 1961 சட்டத்தைத்தான் காட்டியது.

இதில் என்னைப் பொறுத்தவரை உயிர் காக்கிற விதி அந்த ஒன்பது மணி நேரம்தான். எட்டு மணி நேர விதியை எந்த சைட்டிலும் எவனும் மதிக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டாலும், ராத்திரி ஒரு மணிக்குத் தார் லோடை இறக்கிவிட்டுக் காலை ஐந்து மணிக்குக் கிரஷர் வரிசையில் நிற்கச் சொல்வது கொலைக்குச் சமம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், அதைப் பதிவு செய்ய வண்டிக்குள்ளேயே கருவி இருக்கும் என்று பிற்பாடு படித்தேன். நம் டிப்பரில் ஜிபிஎஸ் இருக்கும். டீசல் திருடுகிறோமா என்று பார்க்க.

செப்டம்பர் நடுவில் அது நடந்தது. தார் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மணி மூன்றைத் தாண்டியிருக்கும். எதிரே டைவர்ஷன் போர்டு, சிவப்பு விளக்கு மினுங்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கிளீனர் பையன் கத்தியது. நடுவில் ஓடிய தூரம் என்னிடம் இல்லை. வண்டி கான்கிரீட் தடுப்பில் ஏறி நின்றது. பம்பர் மடங்கி, ரேடியேட்டர் ஒழுகியது. ஸ்டியரிங் சுழன்றதில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. தூக்கம் வந்தால் தெரியும், நிறுத்திவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு முந்தின நிமிடம் வரை கண் திறந்துதான் இருந்தது. அந்த டைவர்ஷனில் ராத்திரிக் காவலுக்குப் படுத்திருக்கிற பெரியவர் அன்றைக்கு ஏதோ காரணத்தால் நாலடி தள்ளிப் படுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்கும். அவர் உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால், கவனக்குறைவால் சாவுக்குக் காரணமானதற்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் கைதாகியிருப்பது நான். இன்னொரு லோடு போகச் சொன்னவர் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் வந்திருக்காது.

ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர் என்னிடம் குனிந்து, "வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுப்பா, போலீஸ் கேஸ் ஆச்சுன்னா உன் லைசென்ஸுக்குத்தான் ஆபத்து" என்றார். வலியில் நான் எதையும் சொல்கிற நிலையில் இல்லை. நல்ல வேளையாக, கிளீனர் பையன் அவர் வருவதற்கு முன்பே டியூட்டி டாக்டரிடம், தார் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி தடுப்பில் மோதியது என்று நேரத்தோடு சொல்லிவிட்டான். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதுதான். பிற்பாடு எனக்கு அந்த ஒரு தாள் பெரிதும் உதவியது. வேலை நேரத்தில் அடிபட்டால் அப்போது நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923படி வைத்தியச் செலவை முதலாளி தர வேண்டும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் ஒரு தொகை உண்டு. இன்னொன்று பல டிரைவர்களுக்குத் தெரியாது. லாரிக்குக் கட்டாயமாக எடுக்கிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலேயே, அந்த லாரியை ஓட்டுகிற சம்பள ஓட்டுநருக்கான இந்த இழப்பீட்டுப் பொறுப்பும் அடங்கும். முதலாளி தன் கைக்காசைத் தர வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் வீட்டில் விழுந்தேன் என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரியில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வேலைக்குப் போன இடம், நேரம், வண்டி எண், மூன்றும் அந்தப் பதிவில் ஏறட்டும்.

ஆஸ்பத்திரிக்கு 38,000 ஆனது. ஒப்பந்ததாரர் 5,000 கொடுத்தார். கட்டோடு ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது மழையும் பிடித்தது, சைட்டில் வேலை நின்றது, அவர் போன் எடுப்பதும் நின்றது. பிடித்து வைத்திருந்த சம்பளம் மாதம் 9,000 வீதம் எட்டு மாதத்துக்கு 72,000. தீபாவளிக்கு முன்னால் நேரில் போய் நின்றபோது ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். பம்பர், ரேடியேட்டர், லேபர் 45,000. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது 5,000. மீதி 22,000. "இதையும் உன் நிலைமையப் பாத்துதான் தரேன்" என்றார். கூனிக் குறுகி நின்றேன். வண்டியை இடித்தவன் நான்தானே என்கிற எண்ணம் வாயை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தத் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோபமே வந்தது. அந்தச் சீட்டில் ராத்திரி மூன்று மணி எங்கேயும் இல்லை. (துண்டுச் சீட்டானாலும் முதலாளி கையெழுத்தில் எழுதிய கணக்கைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அவரிடம் வேலை பார்த்தேன் என்பதற்கே அதுதான் சாட்சியானது.)

சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பது பற்றியும் சட்டம் சொல்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவுதான் நேரடிக் காரணம் என்றால் மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவனிடம் விளக்கம் கேட்ட பிறகே. மொத்தப் பிடித்தமும் பொதுவாகப் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. என்னை யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முந்தின நாள் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தேன் என்பதைச் சொல்லியிருப்பேன்.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு முதலில் போனபோது வெறுங்கையோடு போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கேட்டது எதற்கும் என்னிடம் பதில் இல்லை. நியமனக் கடிதம் இருக்கா? இல்லை. சம்பளச் சீட்டு? இல்லை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு முடிச்சீங்க, எழுதி வெச்சிருக்கீங்களா? இல்லை. அவரிடம் எத்தனை டிரைவர்? அது தெரியும், பன்னிரண்டு பேர். அதற்கும் ஒரு சிக்கல் வந்தது. 1961 சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்துக்குத்தான். ஒப்பந்ததாரர் தரப்பில், அவர் பெயரில் மூன்று வண்டிதான், மற்றவை மனைவி பெயரிலும் மச்சான் பெயரிலும் இருக்கின்றன, அவை தனித் தொழில் என்றார்கள். நம் ஊரில் இது ரொம்பப் பழைய தந்திரம். அதை உடைத்தது டீசல் சீட்டு. சைட் ஆபீஸில் எல்லா வண்டிக்கும் டீசல் அடிக்கக் கேட்டுக் கொடுக்கிற சீட்டு, அதாவது இன்டென்ட், அவர் பெயரில்தான் போனது, கையெழுத்தும் அவருடைய மேனேஜருடையது. என்னோடு ஓட்டிய அண்ணன் ஒருவர் சிலவற்றைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த சீசனுக்கு அவருக்கு வேலை வேண்டுமே, குறை சொல்ல முடியாது.

நேரத்தை நிரூபிக்க எனக்குக் கை கொடுத்தது எடை மேடைச் சீட்டு. காலி எடை போட்ட நேரம், லோடு எடை போட்ட நேரம், இரண்டும் அதில் அச்சாகும். காலி எடை 5.40, லோடு எடை 8.15 என்று இருந்தால், கிரஷருக்குள்ளேயே இரண்டரை மணி நேரம் நின்றது அந்தத் தாளிலேயே தெரியும். வாசலில் வரிசையில் நின்றது வேறு. கனிமங்கள் கொண்டுபோவதற்கான நடைச்சீட்டிலும் தேதி, கிளம்பிய நேரம், வண்டி எண் எல்லாம் இருக்கும். சுங்கச்சாவடி வழியாகப் போனால் ஃபாஸ்டேக் பதிவு இருக்கும். இதெல்லாம் கட்டுக் கட்டாக டேஷ்போர்டுக்குள் திணித்து வைத்திருந்ததில் ஒரு பையை மட்டும் கிளீனர் பையன் எடுத்து வந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் பாதிச் சீட்டு வெள்ளைத் தாள். அது சூட்டில் அச்சாகிற தாள், கேபின் வெக்கையில் எழுத்து எல்லாம் பறந்துவிட்டது. ஒன்றிரண்டில் நகத்தால் கீறிய மாதிரி எண்ணின் தடம் மட்டும் இருந்தது, விளக்குக்கு எதிரே பிடித்து எழுதி எடுத்தேன். ஆகவே சீட்டு கைக்கு வந்த உடனே போனில் ஒரு போட்டோ எடுங்கள், அன்றைக்கு ராத்திரியே வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் தேதியோடு அங்கே இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் வண்டி எடுத்த நேரம், நிறுத்திய நேரம், நின்ற இடம், இவ்வளவு மட்டும் எழுதினால்கூடப் போதும். ஜிபிஎஸ் பதிவைக் கேட்டு எழுத்து மூலமாக விண்ணப்பிக்கவும் செய்யலாம். நான் கேட்டதும், அந்த வருடப் பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். அழிந்துவிட்டது என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததே, அதிகாரி முன்னால் எனக்குச் சாதகமாகத்தான் போனது.

அப்புறம் ஓவர்டைம் கணக்கு. அதை முதலில் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தேன். மாதம் 18,000 என்றால் 26 நாளில் வகுத்தால் நாளுக்கு 692 ரூபாய், எட்டு மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 50 காசு. இரட்டிப்பு என்றால் 173. நாளுக்கு ஐந்து மணி நேரம் கூடுதல் என்று குறைத்தே வைத்தாலும் மாதத்துக்கு 22,490. அதாவது கொடுக்காத ஓவர்டைம், பேசிய சம்பளத்தைவிட அதிகம். பேட்டா கொடுக்கிறோமே என்பார்கள். பேட்டா வழிச் சாப்பாட்டுக்கு, அது கூடுதல் நேரக் கூலிக்கு ஈடாகாது. சீட்டு இருந்த நாலு மாதத்துக்கு மட்டும் ஏறக்குறைய 90,000, சம்பள பாக்கி 72,000, ஆஸ்பத்திரி 38,000, மொத்தம் இரண்டு லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போதைய சட்டத்தில் சம்பளக் கோரிக்கைக்குப் பன்னிரண்டு மாதம்தான் கெடு. கட்டு பிரித்து, கடன்காரர்களைச் சமாளித்து, மூச்சுவிட்டுக்கொண்டு போகலாம் என்று இருந்தால் அதில் பாதி கரைந்துவிடும்.

விசாரணைக்குத் தேதி போடுவார்கள், எதிர்த்தரப்பு வராது. அடுத்த தேதி. வேலைக்குப் போகாமல் பஸ்ஸுக்குக் காசு செலவழித்துப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். விட்டுவிடலாம் என்று தோன்றிய நாள்கள் நிறைய. காரியத்தை நகர்த்தியது ஒரு கடிதம். வக்கீல் ஒருவருக்கு 3,000 கொடுத்து எழுதி வாங்கினேன். அப்போதிருந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1970இன் 21ஆவது பிரிவுப்படி, ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது ஒப்பந்தம் கொடுத்து வேலை வாங்குகிறவர், தந்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் குறிப்பிட்டு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும், நகலைப் பெரிய ஒப்பந்ததாரருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெரிய ஒப்பந்ததாரருக்கு அப்போது இறுதி பில் நிலுவையில் இருந்தது. அதன் நடுவே ஒரு டிரைவரின் புகார் கோப்பில் ஏறுவதை அவர் விரும்புவாரா? அதுவரை போனே எடுக்காத சின்ன ஒப்பந்ததாரர் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, நமக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியது, எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றார். சீசன் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சின்ன ஒப்பந்ததாரருக்கு மழை வந்தால் கடை மூடல், அவரைப் பிடிக்க முடியாது. மேலே இருப்பவர்களுக்கு பில் பாஸ் ஆகும்வரை அந்த இடத்தை விட்டு ஓட முடியாது. யார் வேலை, எந்தக் கோட்டம், ஒப்பந்தப் பெயர் என்ன என்பது சைட் முனையில் வைத்திருக்கிற பெயர்ப்பலகையிலேயே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அலுவலகத்தில் வைத்தே எழுத்துப்பூர்வமாகத் தீர்த்துக்கொண்டோம். தனியாக வந்து வாங்கிக்கொள் என்றதற்கு நான் ஒப்பவில்லை. சம்பள பாக்கி 72,000 முழுவதும், வைத்தியத்துக்கு முன்பு தந்த 5,000 போக 33,000, ஓவர்டைமுக்கு 35,000. ஆக 1,40,000, இரண்டு தவணையில் வந்தது. ஓவர்டைமில் 55,000 விட்டுக்கொடுத்தது இப்போதும் உறுத்துகிறது. ஆனால் கையில் காசு இல்லாதவனுக்கு இன்னொரு வருடம் வழக்கு நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கை சரியாகாமல் வேலை இல்லாமல் இருந்த மாதங்களுக்கு வாங்கிய கடனுக்கே அதில் பெரும் பங்கு போனது. கூரை அப்படியேதான் இருக்கிறது.

இப்போது சட்டமே மாறியிருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1961 மோட்டார் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இரண்டும் 2020ஆம் வருடத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புக்குள் போய்விட்டன. எட்டு மணி நேரம், கூடுதலுக்கு இரட்டைக் கூலி என்பவை அப்படியே இருக்கின்றன. நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமையாகியிருக்கிறது, என் வரைக்கும் இதுதான் பெரிய லாபம். நஷ்டம் என்னவென்றால் போக்குவரத்து நிறுவனத்துக்கு முன்பு ஐந்து பேர் என்றிருந்த வரம்பு, பத்துப் பேர் என்று ஏறியிருக்கிறது. வண்டிகளை மனைவி, மச்சான் பெயரில் பிரித்து வைக்கிறவர்களுக்கு இது இன்னும் வசதி. சம்பள பாக்கிக்கு அந்த எண்ணிக்கைத் தடை இல்லை, ஏனென்றால் அது 2019ஆம் வருட ஊதியத் தொகுப்பில் வருகிறது, அது எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. கோரிக்கை வைக்க அதில் மூன்று வருடம் அவகாசமும் உண்டு. மூன்று வருடம் இருக்கிறதே என்று சீட்டை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், ஒரு கோடைக்கே எழுத்து போய்விடும். உங்கள் முதலாளிக்கு எத்தனை வண்டி, எத்தனை டிரைவர் என்பதை வேலையில் இருக்கும்போதே வண்டி எண்களோடு எழுதி வையுங்கள். வெளியே வந்த பிறகு அதைச் சொல்ல ஒருத்தரும் முன்வர மாட்டார்கள்.